தீவகத்தில் ஒரு துவிச்சக்கரவண்டிப் பயணம்

வற்றாத ஆறில்லாத நாடு எங்கள் யாழ்ப்பாணம். ஆயினும், இருபுறமும் கடல் விரிந்து கிடக்கப் பண்ணைப் பாலத்தில் துவிச்சக்கரவண்டி மிதிக்கும் இன்பம் வேறெவர்க்கு வாய்க்கும்?

விடியலிற் புறப்பட்டோம். சோளகக் காற்று மார்பிலே மோதிற்று. வேலணை கடந்து புங்குடுதீவை அடைந்தோம். வழிநெடுகப் பூட்டிய வீடுகள். உடையவர்கள் வாழ்வதோ அந்நிய நாடுகளில். முற்றத்துப் பனைகளே காவல் நின்றன.

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவு சென்று, நாகபூஷணி அம்மனை வணங்கி, நாகவிகாரையையும் கண்டு மீண்டோம். பின்னர் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு நெடுந்தீவுக்குப் படகேறினோம். 1985 மே 15 அன்று 'குமுதினி' படகிற் சென்ற பலர் வெட்டிக் கொல்லப்பட்டது இக்கடல் வழியிலேதான். அதனை நினைந்ததும் எங்கள் பேச்சு அடங்கிற்று.

நெடுந்தீவிலே பவளக்கல் வேலிகள், பருத்த பெருக்கமரம், வெட்டவெளியில் மேயும் மட்டக் குதிரைகள் யாவும் கண்டோம். ஆயினும் நெஞ்சில் நிலைத்தது வேறொன்று. தாகத்தால் ஒரு படலையில் நின்ற எங்களுக்கு மூதாட்டி ஒருவர் செம்பு நிறையத் தண்ணீர் தந்தார்.

"குடியுங்கோ பிள்ளையள். எங்கட கிணறு உவர். இது மகன் சைக்கிளிலை கட்டி வந்த நல்ல தண்ணி" என்றார்.

நாம் இன்பத்துக்கு மிதித்தோம். அவர் மைந்தனோ குடிநீருக்கு மிதித்தான். செம்பிலே ஒரு துளியும் மிச்சம் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.