ஜி.பி. ரோடு: கூரைக்குள் ஒளியும் கறுப்பு வயர்!

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரியும் அந்தச் சாலையை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று முழுப்பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்கே புரியும். காருக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று சென்னையில் யாரிடம் கேட்டாலும் கை அந்தத் திசையில்தான் நீளும். சீட் கவர், மிதியடி, ஹார்ன், ஸ்பீக்கர், அலாய் வீல், பம்பருக்கு ஒரு கம்பி, டேஷ்போர்டில் தலையாட்டும் பொம்மை வரை எல்லாம் கிடைக்கும். பழைய பாகம் தேடுபவர்களுக்குப் புதுப்பேட்டை, புதிதாக மாட்ட வருபவர்களுக்கு ஜி.பி. ரோடு. ஊர் பிரித்து வைத்திருக்கும் கணக்கு இது.

இங்கே கடை என்பது பாதிதான். மீதிப் பாதி தெருவில் நடக்கிறது. கார் ஓரமாக வந்து நிற்கும். நிற்பதற்குள் இரண்டு பேர் வந்து, "என்ன சார் பாக்குறீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் நான்கு கதவும் திறந்திருக்கும். உள்ளேயிருந்து ஒரு ஜோடிக் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களுக்கு அரை அடி தூரத்தில் பைக்குகள் பறக்கும். கால்காரர் அசர மாட்டார்.

ஒரு காலத்தில் இங்கே வருபவர்கள் கேட்ட முதல் பொருள்களில் ஒன்று, கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிம். 2012-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பிறகு டச் ஸ்கிரீன் வந்தது, ரிவர்ஸ் கேமரா வந்தது. இப்போது அதிகம் காதில் விழும் சொல் டேஷ் கேம். முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, வண்டி ஓடும் நேரமெல்லாம் சாலையைப் படம் பிடிக்கும் உள்ளங்கை அளவுக் கருவி. 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே விண்கல் வெடித்ததை உலகமே இத்தனை கோணங்களில் பார்த்ததற்குக் காரணம், அந்த ஊர் கார்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இந்தக் கேமராக்கள்தான். சென்னையில் யாரும் விண்கல்லுக்காக வாங்குவதில்லை. சிக்னலில் நடக்கும் சண்டைக்காக வாங்குகிறார்கள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. அம்பத்தூரிலிருந்து ஒரு வெள்ளை செடான் வந்து நிற்கிறது. மஞ்சள் நம்பர் பிளேட். ஓட்டி வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்த வண்டி, லோனில் ஓடும் கால் டாக்ஸி. கூடவே பிளஸ் டூ படிக்கும் மகள்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி போரூர் பக்கம் சிக்னல்ல நின்னுட்டிருந்தேன் பாய். பின்னாடி ஒரு பைக் வந்து இடிச்சுது. பையனுக்குக் கால்ல அடி. நீதான் ரிவர்ஸ் எடுத்தேன்னு கூட்டமே சொல்லிருச்சு. பன்னெண்டாயிரம் குடுத்துட்டுதான் வண்டியை எடுக்க முடிஞ்சுது. அந்த மாசம் டியூ கட்ட வீட்ல கம்மலை அடகு வெச்சோம்."

பொருத்துபவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். இந்தத் தெருவில் முப்பது வருடமாக வயரிங் வேலை பார்ப்பவர். எல்லோருக்கும் அவர் பாய். "அப்ப முன்னாடி மட்டும் போட்டா பத்தாதுண்ணே. பின்னாடியும் ஒண்ணு போட்ரலாம்" என்கிறார்.

முன்பக்கக் கேமரா மட்டும் என்றால் மூவாயிரம் ரூபாய் சுமாருக்கே கிடைக்கிறது. முன்னும் பின்னும் என்றால் விலை ஏறும். படத் தெளிவு, ஜி.பி.எஸ். என்று சேர்க்கச் சேர்க்க இருபதாயிரத்தையும் தாண்டும். ஆனால் அன்றைய விவாதம் விலையைப் பற்றியதல்ல. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுவதா, ஃப்யூஸ் பெட்டியிலிருந்து நேரடியாக இழுப்பதா என்பதுதான்.

சாக்கெட் சுலபம். சொருகினால் ஓடும். ஆனால் வயர் கண்ணாடியிலிருந்து கியர் வரை கொடிபோலத் தொங்கும். போனுக்கு சார்ஜ் போட இடமிருக்காது. அதைவிட முக்கியம், பெரும்பாலான கார்களில் சாவியைத் திருப்பி அணைத்ததும் சாக்கெட்டும் செத்துவிடும். நிறுத்தி வைத்த வண்டியை யாராவது இடித்துவிட்டுப் போனால் கேமரா தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஹார்டுவயர் கிட் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். காரின் 12 வோல்ட்டைக் கேமராவுக்கு வேண்டிய 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும். அதிலிருந்து மூன்று வயர் வரும். பெரும்பாலான கிட்களில் மஞ்சள், எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்துக்கு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இடத்துக்கு. கறுப்பு, எர்த்.

"ஹார்டுவயர்தான் வேணும். ஆனா எந்த வயரையும் வெட்டக் கூடாது" என்கிறாள் மகள், அப்பாவை முந்திக்கொண்டு.

பாய் சிரிக்கிறார். "வெட்ட மாட்டேன்மா. வெட்டினா கம்பெனிக்காரன் வாரன்ட்டியில கை வெப்பான்."

பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுகிறார். உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டி ஃப்யூஸ்கள். சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் எது எப்போது உயிரோடிருக்கும் என்று நிறம் சொல்லாது. அதற்கு டெஸ்டர் லைட். கிளிப்பை ஒரு போல்ட்டில் கடிக்கவிட்டு, கூர் முனையால் ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தொடுகிறார். சாவி இல்லாதபோதும் எரிந்தால் அது மஞ்சள் வயருக்கு. சாவி போட்டால் மட்டும் எரிந்தால் சிவப்புக்கு. புது மாடல்களில் ஒரு சிக்கல் உண்டு. வண்டியை அணைத்து, பூட்டிய பிறகும் சில ஃப்யூஸ்கள் கொஞ்ச நேரம் விழித்திருக்கும். அவசரக்காரர் அதை நிரந்தர மின்சாரம் என்று நம்பி மஞ்சளைக் கொடுத்துவிடுவார். பாய் கதவைப் பூட்டிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் தொட்டுப் பார்த்தார். அந்த டீயும் வேலையில் சேர்த்திதான்.

ஏர்பேக், பிரேக், இன்ஜின் கம்ப்யூட்டர் ஆகியவற்றின் ஃப்யூஸ்களை அவர் விரல் தொடுவதில்லை. ஹசார்டு விளக்கின் ஃப்யூஸைப் பிடுங்குகிறார். அந்த இடத்தில் ஃப்யூஸ் டேப் என்ற இரட்டை வாய்ப் பொருளைச் சொருகுகிறார். ஒரு வாயில் பழைய ஃப்யூஸ், இன்னொன்றில் கேமராவுக்கென்று சின்ன ஃப்யூஸ். கேமரா பக்கம் கோளாறு வந்தால் சின்னது மட்டும் போகும், ஹசார்டு விளக்கு பிழைத்துக்கொள்ளும். சிவப்புக்கும் அதே வைத்தியம், வேறொரு ஃப்யூஸில். கறுப்பு வயர், பெயின்ட் படாத வெறும் இரும்பில் இருக்கும் போல்ட்டுக்கு அடியில் போகிறது. பெயின்ட் மேல் வைத்தால் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. கேமராவைத் திட்டிக்கொண்டு திரும்பி வருபவர்களில் பலருக்குக் குற்றவாளி அந்தப் பெயின்ட்தான் என்கிறார்.

கேமரா ஒட்டும் இடம், நடுக் கண்ணாடிக்குப் பின்னால், கொஞ்சம் இடது பக்கம் தள்ளி. நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம் என்பதால் அவர் பார்வையில் அது உறுத்தாது. வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் இருக்கிறதா என்று வைப்பரை ஓடவிட்டுப் பார்க்கிறார். இல்லையென்றால் மழையில் படமெல்லாம் தண்ணீர்.

அடுத்து வயரை ஒளித்துவைக்கும் வேலை. கண்ணாடியின் மேல் விளிம்பில், கூரைத் துணிக்குள் விரலாலேயே தள்ளித் தள்ளி ஓரம் வரை கொண்டுபோகிறார். அங்கிருந்து கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் தூண் வழியாகக் கீழே இறக்க வேண்டும். அவசரமே கூடாத இடம் இதுதான். கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் கார்களில் தூணின் ஓரத்தில் எஸ்.ஆர்.எஸ். என்று சின்னதாகப் பொறித்திருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் காற்றுப்பை மடிந்து கிடக்கும். வயர் அந்தப் பைக்குப் பின்னால் போக வேண்டும். குறுக்கே முன்னால் போனால், பை விரியும்போது வயரும் கேமராவும் எப்படிப் பறக்கும், யார் முகத்தில் படும் என்று சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், இந்தத் தூணை எப்படித் தாண்டப்போகிறார் என்று கேட்பது நல்லது.

பாய் உறையை முழுவதுமாகக் கழற்றுகிறார். பைக்குப் பின்னால் வயரை நுழைத்து, ஏற்கெனவே ஓடும் வயர்க் கட்டோடு சேர்த்து டேக் போட்டுக் கட்டுகிறார். பின் கேமராவுக்கான வயர் கதவுகளின் ரப்பர் ஓரமாகவே பயணித்துப் பின் கண்ணாடி வரை போகிறது. முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும்.

அதற்குள் மகள் போனில் ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். "அப்பா, நிறுத்தியிருக்கப்போ இது கால் ஆம்பியர் எடுத்தாக்கூட ஒரு நாளைக்கு ஆறு ஆம்பியர் ஹவர். நம்ம பேட்டரி முப்பத்தஞ்சு. மூணு நாள் நிறுத்தினா பாதி காலி."

கணக்கு சரி. அதற்காகத்தான் கிட்டுக்குள் ஒரு காவல்காரன் உண்டு. பேட்டரி குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கேமராவுக்கான மின்சாரத்தை வெட்டிவிடும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் சுமார் காட்டும். 12.2-க்கு வந்தால் ஏறக்குறைய பாதி. பாய் 12.2-ல் வைத்தார். தினமும் ஓடும் டாக்ஸிக்குக் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போய்வரும் காருக்கு இந்த நிறுத்த நேரக் காவலையே அணைத்துவைக்கச் சொல்கிறார். ஏற்கெனவே கிழடான பேட்டரியென்றால் எந்தக் காவல்காரனும் காப்பாற்ற முடியாது. திங்கட்கிழமை காலை வண்டியைத் தள்ள வேண்டியதுதான்.

சென்னை வெயிலுக்கு இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். மே மாதம் மூடிய காருக்குள் கண்ணாடியோரம் எவ்வளவு சூடு என்பது ஸ்டீயரிங்கைத் தொட்டவர்களுக்குத் தெரியும். உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த கேமரா அந்தச் சூட்டில் உப்பிப்போகலாம். சூப்பர் கெபாசிட்டர் வைத்தது தாங்கும். விலை கொஞ்சம் கூடினாலும் அதையே கேட்டு வாங்குவது நல்லது.

மெமரி கார்டு பற்றிப் பேச்சு வந்தபோதுதான் டாக்ஸிக்காரரின் முகம் மாறியது. 64 ஜி.பி. கார்டில் ஃபுல் ஹெச்.டி. தரத்தில் ஒரு கேமராவுக்குச் சுமார் எட்டு, ஒன்பது மணி நேரம். இரண்டு கேமரா என்றால் அதில் பாதி. நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டு மேலே எழுதும். பன்னிரண்டு மணி நேரம் ஓடும் வண்டியில் காலையில் நடந்தது மாலைக்குள் காணாமல் போய்விடும்.

"அப்ப போலீஸ் ஸ்டேஷன் போய்ச் சேர்றதுக்குள்ள அழிஞ்சிரும்ல?"

அதிர்ந்தால் அந்தத் துண்டைத் தானாகவே பூட்டிவைக்கும் சென்சார் உண்டு. மெல்லிய மோதலை அது கவனிக்காமலும் போகலாம். அதனால் ஏதாவது நடந்த கையோடு பூட்டும் பட்டனை அழுத்த வேண்டும், முடிந்தால் அங்கேயே போனுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும், கார்டைக் கழற்றிப் பத்திரமாக வைக்க வேண்டும். 128 ஜி.பி. கார்டாக, ஓயாமல் எழுதினாலும் தாங்கும் ரகமாக மாற்றிக்கொண்டார்கள்.

வழக்கு என்று வந்தால் வீடியோ காட்டினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஏற்பதற்குச் சான்றிதழ் கேட்கிறது. எந்தக் கருவியில் பதிவானது, எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரங்களோடு. வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பிச் சுருங்கிப்போன காப்பியைவிட, அசல் கார்டுக்குத்தான் மதிப்பு.

எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பியதும் சின்னத் திரையில் ஜி.பி. ரோடு தெரிகிறது. மூலையில் தேதி, நேரம், பக்கத்தில் வேகம்: பூஜ்ஜியம்.

டாக்ஸிக்காரர் அந்தப் பூஜ்ஜியத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். "பாய், என் மேல தப்பு இருந்தாலும் இதுல விழுமா?"

"விழும்ணே. ஸ்பீடும் விழும்."

"ஸ்பீடை மட்டும் மறைக்கலாமா?"

மறைக்கலாம், மெனுவில் ஒரு பட்டன்தான். பாயின் விரல் அங்கே போய் நிற்கிறது. மகள் எதுவும் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். "சரி, இருக்கட்டும் விடுங்க. ஓட்றதைப் பார்த்து ஓட்டிக்கலாம்" என்றார். ஆனால் மைக்கை அணைக்கச் சொன்னார். பின்சீட்டில் உட்கார்ந்து ஜனங்கள் என்னென்னவோ பேசுவார்கள், வீட்டுச் சண்டை, ஆஸ்பத்திரிச் செய்தி, காசு விஷயம், அதெல்லாம் நமக்கு எதற்கு என்பது அவர் நியாயம்.

கடைசியாக ஒரு பரீட்சை. சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, பாய் பின் பம்பரில் முஷ்டியால் இரண்டு குத்து விடுகிறார். திரையில் சின்ன விளக்கு சிமிட்டுகிறது. திறந்து பார்த்தால் கார்டில் புதிதாக ஒரு துண்டு, பூட்டுச் சின்னத்தோடு. பின் கேமராவில் பாயின் வழுக்கைத் தலை துல்லியமாக விழுந்திருக்கிறது. மகள் சிரித்துவிட்டாள், பாயும்தான்.

மாதம் ஒருமுறை கார்டை ஃபார்மேட் செய்ய மறக்க வேண்டாம் என்று சொல்லிக் காசை வாங்கிக்கொள்கிறார். அதற்குள் டாக்ஸிக்காரரின் போனில் திருவல்லிக்கேணியிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு டிரிப் வந்துவிட்டது. மகளை எல்.ஐ.சி. மெட்ரோவில் இறக்கிவிட்டுப் போக வேண்டும். வண்டி நகர்ந்து வெளியேறிய இடத்தில் ஒரு சிவப்பு ஹேட்ச்பேக் நுழைகிறது. அதில் ஃப்யூஸ் பெட்டி இடது பக்கம். பாய் தன் அட்டையைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுப் படுக்கிறார்.