காற்று கசியும் இடம்

ஜப்பானின் அகிஹபாராவில் ஒரு மாடிக் கடை. இன்னும் கெட்டியான ஸ்பிரிங் வேண்டும் என்று கேட்டேன். பழையதாக வாங்கிய என் மின் ஏர்சாஃப்ட் துப்பாக்கி 0.2 கிராம் குண்டை நொடிக்கு 84 மீட்டர் வேகத்தில்தான் தள்ளியது. கடைக்காரர் ஸ்பிரிங்கை எடுக்கவில்லை. “காற்று எங்கே போகிறது என்று பார்த்தீர்களா?” என்றார்.

மின்மோட்டாரில் இயங்கும் இந்த வகையை 1991இல் ஃபமாஸ் துப்பாக்கியின் வடிவத்தில் கொண்டுவந்தது டோக்கியோ மாருய் நிறுவனம். அதன் வயிற்றில் இருப்பது எளிய ஏற்பாடுதான். மோட்டார் மூன்று பல்சக்கரங்களைச் சுழற்றும். கடைசிச் சக்கரம் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து, பல் தீர்ந்ததும் விட்டுவிடும். ஸ்பிரிங் விசையில் பாயும் பிஸ்டன் தள்ளுகிற காற்றுதான் 6 மில்லிமீட்டர் குண்டை வெளியே அனுப்புகிறது. வழக்கமான கியர் செட்டில் மோட்டார் ஏறத்தாழ 18 சுற்று சுற்றினால் ஒரு குண்டு.

ஜப்பானில் 2006இல் திருத்திய சட்டப்படி குண்டின் ஆற்றல் 0.98 ஜூலைத் தாண்டக் கூடாது. 0.2 கிராம் குண்டுக்கு அது நொடிக்கு சுமார் 99 மீட்டர். தாண்டிய துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். இந்த வரம்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. எதிரில் நிற்பவர் மேல் படும் குண்டு அல்லவா?

கடைக்காரரின் கேள்விக்கு விடை தேடி, பல்சக்கரங்கள் இருக்கும் கியர் பாக்ஸைத் திறந்தேன். திறக்கும்போது பின்பக்கத் துளை வழியாக ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகி ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை நான் பிடிக்கவில்லை. ஸ்பிரிங் அலமாரியில் மோதி விழுந்தது. கூடவே தெறித்த, டிரிகருக்குரிய குட்டி ஸ்பிரிங் ஒன்றைத் தேடவே இரவு போயிற்று.

பிஸ்டனைச் சிலிண்டருக்குள் வைத்து, காற்று வெளிவரும் நாசில் வாயை விரலால் மூடி அழுத்திப் பார்த்தேன். நல்ல சீல் என்றால் காற்று எதிர்த்து நிற்கும், பிஸ்டன் நகராது. என்னுடையது சறுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஓ-ரிங் தளர்ந்திருந்தது, சிலிண்டர் தலைப்பும் சரியாக உட்காரவில்லை. ஓ-ரிங்கை மாற்றி, தலைப்பில் டெஃப்லான் டேப் சுற்றி, சிலிக்கான் க்ரீஸ் பூசினேன். பல ரப்பர் வகைகளுக்குப் பெட்ரோலிய க்ரீஸ் ஆகாது, அவை ஊதிப்போய்விடும். ஸ்பிரிங் அதே பழையதுதான். வேகம் 96 மீட்டர் வந்தது. கணக்குப் போட்டால் 0.92 ஜூல். கடையில் கேட்ட அந்த ஸ்பிரிங்கையும் போட்டிருந்தால் வரம்பைத் தாண்டியிருக்கும். அதை நினைத்தபோது கை கொஞ்சம் நடுங்கியது.

ஷிம் போடுவதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. சக்கர அச்சின் இருபுறமும் 0.1, 0.15, 0.2 மில்லிமீட்டர் வாஷர்கள். சக்கரங்கள் ஒன்றையொன்று உரசக் கூடாது, பெட்டியையும் தொடக் கூடாது. அதேசமயம் மயிரிழை ஆட்டம் வேண்டும். ஒரு வாஷரைச் சேர்த்து, பெட்டியை மூடி, திருகுகளை முறுக்கி, விரலால் சுழற்றிப் பார்த்து, மறுபடி திறக்க வேண்டும். பத்துத் தடவைக்கு மேல் திறந்திருப்பேன். திருகை முறுக்காமல் சுழற்றிப் பார்ப்பது வீண். முறுக்கியதும் இடைவெளி மாறிவிடுகிறது.

குழலுக்குப் பின்னால் இருக்கும் ஹாப்-அப் ரப்பரையும் மாற்றினேன். அது குண்டின் தலையை மேலிருந்து அழுத்தி, பின்னோக்கிச் சுழலவிடும். அந்தச் சுழற்சிதான் குண்டைத் தாழாமல் தூக்கிப் பிடிக்கிறது. வேகத்துக்கு வரம்பு இருக்கும் நாட்டில் தூரம் இந்தச் சிறு ரப்பர் துண்டிடம் இருக்கிறது.

எல்லாம் முடிந்தும், சுடும்போது ஒரு கீச்சொலி கேட்டது. மூன்று நாள் ஷிம்மையே சந்தேகித்தேன். நான்காம் நாள் கைப்பிடியின் அடியில், மோட்டாரை உயர்த்தித் தாழ்த்தும் சிறு திருகு கண்ணில் பட்டது. கால் சுற்று தளர்த்தினேன். கீச்சொலி நின்று, பிஸ்டன் முட்டும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.