படலையில் நின்ற பிள்ளை

மலர்க்குழுவினர் என்னிடம் வேண்டியது கல்லூரி நினைவுகள் பற்றிய ஒரு கட்டுரை. அதனை எழுதவே அமர்ந்தேன். ஆயின் சென்ற ஆண்டு முழுவதும் என் மனத்தை உழற்றிய விடயம் வேறொன்று. அதன் தொடக்கம் நம் கல்லூரி மைதானத்திலேயே இருப்பதால், அதனை எழுத அன்பர்கள் இடந்தருவார்கள் என்று நம்புகிறேன்.

1964ஆம் ஆண்டில் நான் மாணவர் படையிற் சேர விரும்பினேன். நாட்டின்பாற் கொண்ட பற்றென்று சொன்னால் அது பொய். காக்கி உடுப்பும் பளபளக்கும் சப்பாத்தும், தியத்தலாவை முகாமிற்குப் புகையிரதத்தில் ஏறிப் போகும் வாய்ப்புமே என்னை இழுத்தன. சேர்வதற்குப் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். ஐயா அந்தப் பத்திரத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் இலங்கைக் காவற் பீரங்கிப் படையிற் பணியாற்றியவர். ஈற்றில் கையொப்பமிட்டு, "அம்மாவிடம் நான் சொல்லுகிறேன்" என்றார். அம்மா மூன்று நாட்கள் அவருடன் பேசவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பையனின் அணிநடைக்கு இத்தனை கோபமா என்று அப்போது எனக்கு வியப்பாக இருந்தது.

அறுபது ஆண்டுகளின் பின், கனடாவில், இன்னொரு பத்திரம் என் முன் வந்தது.

என் மகள் தாதியாகப் பணிபுரிகிறாள். ஐந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு முடிந்தபின், கனேடியப் படையின் பகுதிநேரப் பிரிவில் மருத்துவப் பணிக்குச் சேர எண்ணியிருப்பதாகச் சொன்னாள். நான் சோற்றுக் கையுடன் அப்படியே இருந்துவிட்டேன்.

எங்களைப் போன்றோருக்கு 'இராணுவம்' என்ற சொல் எதனைக் கொண்டுவரும் என்பதை இம்மலரை வாசிப்போருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எந்தப் படையினதாயினும், வாசலிற் சப்பாத்தின் ஒலி கேட்டால் விளக்கை அணைத்துப் பழகியவர்கள் நாம். 1987 ஒக்டோபரில் என் மனைவி கண்டவற்றை இங்கு எழுதப்போவதில்லை. அடுத்த ஆண்டு நாங்கள் கனடாவுக்கு வந்தோம். மகள் 1989இற் பிறந்தாள். நீர்மூழ்கிக் கப்பற் சேவை ஒன்றைத் தவிர, கனேடியப் படையின் மற்றெல்லாப் பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிடுமாறு அந்நாட்டின் மனித உரிமை நியாயசபை கட்டளையிட்டதும் அதே 1989ஆம் ஆண்டிலேதான். அவள் எனக்கு இதைச் சொல்லிச் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது அந்தப் படை இல்லை, அப்பா" என்றாள். அது உண்மை. ஆனால் உண்மை எல்லாம் நெஞ்சுக்குள் இறங்கிவிடுவதில்லை.

அவள் விளக்கமாகவே சொன்னாள். பொதுவாக வாரத்தில் ஒரு மாலை, மாதத்தில் ஒரு வாரஇறுதி, தொடக்கத்திற் பயிற்சி. வெளிநாட்டுக்குச் செல்வது பகுதிநேரப் படையினரின் விருப்பத்தைப் பொறுத்தது. வெள்ளம், காட்டுத்தீ வந்தால் உள்நாட்டிலேயே உதவிக்கு அழைப்பார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஆப்கானிஸ்தானில் 158 கனேடியப் படையினர் மாண்டதையும், அவர்களுட் பகுதிநேரப் படையினரும் இருந்ததையும் எடுத்துச் சொன்னேன். அமெரிக்கத் தரைப்படை, துணையின்றித் தனியே பிள்ளையை வளர்ப்பவரைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதையும் சொன்னேன். பிரித்தானியப் படைகள் 1990 வரை கர்ப்பிணிகளைப் பணியிலிருந்து விலக்கிவந்தன என்று அவள் விடையளித்தாள். அவ்வழக்கம் சட்டத்திற்கு மாறானதென்று கண்டபின், விலக்கப்பட்ட பெண்களுக்கு இழப்பீடு கொடுக்கவேண்டி வந்ததாம். "தகப்பன்மாரை யாராவது விலக்கினார்களா, அப்பா?" என்று கேட்டாள்.

இக்கேள்வி என்னைக் குத்தியது. பிள்ளையைப் பெற்றபின் போர்ப்பணிக்குச் சென்ற ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவரை நான் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. என் மகன் இதே செய்தியைச் சொல்லியிருந்தால் நான் அஞ்சியிருப்பேன். ஆனால் 'பிள்ளை என்னாவது?' என்று கேட்டிருக்கமாட்டேன்.

பின்பு பத்திரம் வந்தது. பிள்ளையோ முதியவரோ தம் பொறுப்பில் இருக்கும் படையினர், திடீரென அழைக்கப்பட்டால் அவர்களை யார் பார்ப்பார்கள் என்பதை எழுதிக்கொடுக்கவேண்டும். அதனைக் குடும்பப் பராமரிப்புத் திட்டம் என்கிறார்கள். மருமகனும் வேலை நிமித்தம் வெளியூர் போகிறவர். ஆகையால் என் பெயரை எழுத விரும்பினாள். "யோசித்துச் சொல்லுகிறேன்" என்றேன். உண்மையில் யோசிக்கவில்லை, மறுத்துவிட்டால் அவள் போகமாட்டாள் என்று கணக்கிட்டேன். அது நேர்மையான கணக்கன்று.

அன்றிரவு ஊரிலிருக்கும் அண்ணருடன் தொலைபேசியிற் பேசினேன். அவர் 1938இற் பிறந்தவர். நான் போருக்குப் பின் பிறந்தவன். ஐயா இல்லாத வீட்டைக் கண்டவர் அவரே. அண்ணரும் என் பக்கம் நின்று, 'வேண்டாம் என்று சொல்லு' என்பார் என எதிர்பார்த்தேன்.

ஐயா 1941இற் படையிற் சேர்ந்ததற்குக் காரணம் வீரமன்று. கொழும்பில் ஒரு கடையிற் கணக்கெழுதும் வேலை பறிபோயிருந்தது. படையிற் சம்பளம் ஒழுங்காக வரும். பாட்டனார் தடுத்தும் கேளாமற் போனார். அவரைத் திருகோணமலைப் பீரங்கிகளுக்கு அனுப்பினார்கள். 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையிற் குண்டு வீசின. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. ஊருக்குச் செய்தி வந்தது. ஐயாவிடமிருந்து கடிதம் வரவில்லை. ஆச்சி நல்லூரானுக்கு நேர்த்தி வைத்தார். அம்மா அடுப்பு மூட்டவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு தபாலட்டை வந்தது. அம்மா அதனைச் சாகும்வரை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். இவை நான் ஏற்கெனவே கேட்டவை.

அண்ணர் அன்று சொன்னது நான் கேளாதது. "தம்பி, ஐயா போனது எனக்குக் குறையில்லை. போகேக்கை நான் நித்திரை. விடிய எழும்பிக் கேட்டா, கடைக்குப் போட்டார், வருவார் எண்டினம். நான் நெடுகப் பின்னேரத்திலை படலையிலை போய் நிண்டன். எத்தினை மாதமெண்டு தெரியாது. குண்டு விழுந்த நேரம் எல்லாரும் அழுதினம். ஏனெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

விடுமுறையில் ஐயா காக்கி உடுப்புடன் படலையைத் திறந்தபோது அண்ணர் ஆச்சியின் பின்னால் ஒளித்தாராம். கடையிலிருந்து என்ன வாங்கி வந்தீர்கள் என்று கேட்கவும் பயமாக இருந்ததாம். எண்பதைத் தாண்டிய மனிதர் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கண்டியிலிருந்து வாங்கிவந்த ஒரு மரக்குதிரையை ஐயா நீட்டியதும், அதனை அவர் வாங்க மறுத்ததும் பற்றியும் சொன்னார். அம்மாவின் மூன்று நாள் மௌனம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மறுநாள் மகள் வீட்டுக்குப் போனேன். "நான் கையொப்பம் இடுவதானால், நீ அவனுக்குச் சொல்லவேண்டும், இன்றே, என் முன்னிலையில்" என்றேன். அவள் தயங்கினாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்றாள். தாதிகளுக்கு இது தெரியாதா என்று எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. பின்பு அவனை மடியில் இருத்தி, தேசப்படத்தை விரித்து, பயிற்சி முகாம் எங்கே இருக்கிறதென்று விரலால் தொட்டுக் காட்டினாள். காயப்பட்ட சிப்பாய்களுக்கு மருந்து கட்டப் பழகப் போவதாகச் சொன்னாள். எத்தனை நாள் என்பதை நாட்காட்டியிற் சிவப்பு மையால் அடையாளமிட்டாள். ஒருகால் தொலைவான இடத்திற்குப் போகவேண்டி வந்தால், போகுமுன் அவனை எழுப்பிச் சொல்லிவிட்டே போவேன் என்றும் சொன்னாள்.

அவன் படத்தைப் பார்த்தான். அழுவான் என்று நான் எண்ணினேன். "பள்ளிக்கூடத்தால் என்னை ஆர் கூட்டிக்கொண்டு வாறது?" என்று கேட்டான்.

"அம்மப்பா" என்றாள்.

"அம்மப்பா மெல்ல நடப்பார்" என்றான். அதுவே அவனுடைய ஆட்சேபம்.

நான் கையொப்பமிட்டேன். இப்போதும் எனக்குப் பயம் போகவில்லை. இரவில் எழுந்திருந்து வானொலிச் செய்தி கேட்கிறேன். மனைவியிடம் சொல்லும் வேலையை மகளுக்கு விடாமல் நானே ஏற்றேன். ஐயாவுக்கு மூன்று நாள் மௌனம் வாய்த்தது. எனக்கு ஒரு வாரம். எட்டாம் நாட் காலை அவள் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு பத்திரத்தைக் கேட்டு வாங்கி, என் பெயரின் கீழே தன் பெயரையும் எழுதினாள். எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணை நான் பிழையாக எழுதியிருந்தேனாம். அதனையும் வெட்டித் திருத்தினாள்.