குட்டி யானையின் முதுகு

எங்கள் ஊர்க் கோயிலை முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதிக் கோயிலைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன். பெண்ணாடம் பிரளயகாலேசுவரர் கோயில் தூங்கானை மாடம் என்ற அமைப்பில் கட்டப்பட்டது. படுத்துறங்கும் யானையின் பின்புறம் போலக் கருவறையின் பின்சுவர் வளைந்து வரும். அந்த அழகு சுற்றிவருகிறவனுக்குத்தான் தெரியும். சிறுவயதில் நானும் தம்பியும் அந்த வளைவில் கைவைத்தபடியே ஓடுவோம். யானையைத் தடவுவதாக நினைப்பு.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டு வாசலில் இன்னொரு யானைக்கு முதுகு கட்டினோம். டாடா ஏஸ் என்று நிறுவனம் பெயர் வைத்து 2005இல் விற்பனைக்கு விட்ட சிறு சரக்கு வண்டியை நம் மக்கள் குட்டி யானை என்றே அழைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பழைய வண்டியில் பந்தய மோட்டார் சைக்கிள்களை ஏற்றிச் செல்வதற்காக மூடிய பெட்டி ஒன்று கட்டினோம். இலக்கியம் பேசுகிற இடத்தில் பட்டறைச் சமாச்சாரமா என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். மூன்று மாதம் நான் புத்தகத்தைத் தொடாமல் அந்தப் பெட்டியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி மகன் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறான். ஊரில் யாரும் எதிர்பாராத ஓர் ஆசை அவனுக்கு வந்தது: பந்தயத் தடத்தில் வண்டி ஓட்டவேண்டும். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், பல்லாண்டுக் காலம் பந்தயங்கள் நடந்தன. பிறகு 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தடம் அமைந்தது. 3.7 கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டு வளைவுகள். கோவைக்கருகே செட்டிபாளையத்திலும் ஒன்று உண்டு. பயிற்சிப் பள்ளியில் தேறி, உரிமம் வாங்கிக்கொண்டுதான் பந்தயத்தில் இறங்க முடியும். அவன் இரண்டையும் எங்களுக்குச் சொல்லாமலே முடித்துவிட்டு, பழைய யமஹா ஆர்15 ஒன்றையும் வாங்கிவிட்டு, கடைசியில்தான் அம்மாவிடம் சொன்னான்.

அவள் ஒருநாள் முழுக்க அவனோடு பேசவில்லை. மறுநாள் என்னிடம் வந்தாள். "மாமா, அங்க எதிர்ல வண்டி வராதாமே, நெஜமா?" என்று கேட்டாள். எல்லோரும் ஒரே திசையில்தான் போவார்கள் என்றேன். மாடு வராது, பஸ் வராது, மருத்துவரும் ஆம்புலன்சும் பக்கத்திலேயே நிற்கும் என்றெல்லாம் சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்தவள், "அங்க ஓட்டட்டும். ஆனா வீட்டுலேருந்து அங்க போற வரைக்கும் அந்த வண்டி ரோட்டுல உருளக்கூடாது" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2009 பிப்ரவரியில், கரும்பு வெட்டு மும்முரமாக நடந்த நாட்களில், விருத்தாசலத்திலிருந்து இரவு திரும்பிக்கொண்டிருந்த என் தம்பி, சாலையோரம் நின்றிருந்த கரும்பு டிரெய்லரின் பின்னால் மோதி இறந்தான். டிரெய்லரில் விளக்கு இல்லை. ஒளிரும் பட்டை இல்லை. எதிரே வந்த பேருந்தின் வெளிச்சம் கண்ணைக் கூசச்செய்த அந்தக் கணத்தில் இருட்டோடு இருட்டாக நின்றிருக்கிறது. டயர் பஞ்சராகி, ஓட்டுநர் ஆள் கூப்பிடப் போயிருந்தாராம். பையனுக்கு அப்போது ஏழு வயது.

பந்தய வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. முகப்பு விளக்கு, பின்விளக்கு, கண்ணாடி, சாய்த்து நிறுத்தும் ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றியிருப்பார்கள். இருங்காட்டுக்கோட்டை எங்கள் ஊரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே ஏற்றித்தான் செல்லவேண்டும். முதல்முறை வாடகை வண்டியில், திறந்த தொட்டியில் கயிறு கட்டிக் கொண்டுபோனான். உளுந்தூர்ப்பேட்டை தாண்டுவதற்குள் கயிறு தளர்ந்து வண்டி சாய்ந்தது, திண்டிவனத்தில் மழை. அதன்பிறகுதான், வெளிநாட்டுக்காரர்கள் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் மூடிய டிரெய்லர் படங்களைக் கைப்பேசியில் காட்டினான். "பெரியப்பா, இதமாதிரி ஒண்ணு செஞ்சிடலாம்" என்றான்.

டிரெய்லர் செய்யத் தெரிந்தவர்களுக்கு எங்கள் பகுதியில் பஞ்சமில்லை. கரும்பு விளையும் மண்ணில் வெல்டிங் பட்டறைக்காரருக்கு டிராக்டர் டிரெய்லர்தான் சோறு போட்டது. நாங்கள் போய்க் கேட்ட மூத்த பட்டறைக்காரர் சிரித்தார். இழுக்கப்படும் வண்டியின் சூட்சுமம் பாரத்தைப் பரப்புவதில் இருக்கிறது என்றார். அச்சுக்கு முன்னால் பாரம் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அமரவேண்டும். பின்னால் கூடினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், இழுக்கும் வண்டியையே திருப்பிவிடும். அளவுக்கு மீறிக் கரும்பேற்றிய டிராக்டர் மேட்டில் முன்சக்கரம் தூக்கி நிற்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சட்டப்படி டிரெய்லரும் தனி வாகனம். அதற்கும் பதிவு வேண்டும். "அதுக்கு நாலு சக்கர வண்டி மேலயே பெட்டி கட்டிக்க, காகிதமும் சுலபம்" என்பது அவருடைய முடிவு. உண்மையைச் சொன்னால், டிரெய்லர் என்ற சொல்லே எங்கள் வீட்டுக்குள் வராமல் போனதில் எனக்கு ஆறுதல்தான்.

குட்டி யானையின் தொட்டி சுமார் ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். தன் வண்டியையும் நண்பனின் வண்டியையும் அதற்குள் நிறுத்தவேண்டும் என்றான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கைப்பிடிகள் இடித்துக்கொண்டன. ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் நிறுத்தியதும் இடம் கிடைத்தது. சதுர இரும்புக் குழாயில் சட்டம், வெளியே தகடு, தரையில் வழுக்காத செக்கர் பிளேட். ஏற்றுவதற்குப் பலகை இரண்டு துண்டு. வேலை முடிந்ததும் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே செருகிக்கொள்ளலாம்.

கட்டுவதில் ஒரு கலை இருக்கிறது. முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்புச் சட்டம் ஒன்றைத் தரையில் பற்றவைத்தார்கள். பெல்ட்டைக் கைப்பிடியின் நுனியில் மாட்டக்கூடாது, வளைந்துவிடும். முன்போர்க்கைச் சேர்த்துப் பிடிக்கும் கீழ்த்தாங்கியில் மாட்டி, இரண்டு பக்கமும் சமமாக இறுக்கவேண்டும். இறுக்க இறுக்க ஷாக் அப்சார்பர் அமுங்கும். முழுக்க அமுக்கிவிட்டால் உள்ளிருக்கும் சீல் கெடும். அமுக்காமல் விட்டால் முதல் பள்ளத்திலேயே வண்டி துள்ளிப் பெல்ட் கழன்றுவிடும். பாதியளவு போதும். பின்சக்கரம் பக்கவாட்டில் நகராதிருக்க இன்னும் இரண்டு பெல்ட். இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி இழுத்துப் பார்க்கவேண்டும். முதல் குலுக்கலில் எந்தக் கட்டும் கொஞ்சம் இளகும். குடும்பங்களுக்கும் இது பொருந்தும் என்று எழுத ஆசைதான், விட்டுவிடுகிறேன்.

மூடிய பெட்டியின் பெரிய ஆபத்து பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது, மேலே எழாமல் தரையோடு படியும். பெட்டி என்றதும் எல்லோரும் கூரைக்கருகே சன்னல் வைக்கிறார்கள். நாங்கள் தரையை ஒட்டியும் பக்கத்துக்கு இரண்டு துவாரம் வைத்து வலை அடித்தோம். கதவருகே கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான்.

வேலை முடிந்தது என்று பட்டறைக்காரர் சொன்ன நாளில் நான் பெட்டியின் பின்னால் போய் நின்றேன். இரண்டு கதவு, ஒரு தாழ்ப்பாள், சாம்பல் நிறம். அந்தியில் அது சுவரோடு சுவராகக் கரைந்தது. வயிற்றில் ஏதோ புரண்டது. பின்விளக்குகள் இருக்கின்றன, ஆனால் அவை வண்டி உயிரோடு இருக்கும்வரைதான் எரியும். பாட்டரி செத்து ஓரத்தில் நின்றால் யார் சொல்வது? மறுநாளே பின்புறம் முழு அகலத்துக்கும் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒளிரும் பட்டை ஒட்டச்செய்தேன். பின்னால் வருகிறவனின் வெளிச்சத்தையே வாங்கி அவனிடம் திருப்பித் தருகிற பட்டை. மூன்று மாத வேலையில் மிக மலிவானது அதுதான். பையன் எதுவும் கேட்கவில்லை. விளிம்பு உரியாமலிருக்க ஈரத்துணியால் தகட்டைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

பிறகு ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். நண்பன் முதல்நாளே பேருந்தில் போய்விட்டதால் எனக்கு இடம் கிடைத்தது. விருத்தாசலம், உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம். செங்கல்பட்டு கடந்து ஒரகடம் வழியாகத் திரும்பினோம். சொன்னபடியே விருத்தாசலத்தில் நிறுத்திப் பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்தோம். ஒன்று இளகித்தான் இருந்தது.

பந்தயத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அங்கே என் கண்ணில் பட்டவை வேறு. சோதனை அதிகாரி ஒவ்வொரு வண்டியின் கீழும் குனிந்து, ஆயில் போல்ட்டைக் கம்பியால் கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். அது கழன்று எண்ணெய் சிந்தினால் பின்னால் வருகிறவன் வழுக்குவான். ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீர் ஊற்றச்சொல்வதும் இதற்காகவே. ஒரு வளைவில் ஒருவன் விழுந்தான். விழுந்த மறுகணம் அங்கே நின்றிருந்த ஆள் மஞ்சள் கொடியை ஆட்டத் தொடங்கினார். பின்னால் வந்தவர்கள் முந்தாமல் நிதானமாகக் கடந்து போனார்கள். விழுந்தவன் எழுந்து ஓரத்துக்கு நடந்தான்.

நான் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டு என்று நாம் சொல்லும் இடத்தில், பின்னால் வருகிறவனுக்காக ஒரு மனிதர் வெயிலில் நாள் முழுக்க நிற்கிறார். 2009இல் எங்கள் சாலையில் ஒரு பச்சைத் தழையை ஒடித்துப் பத்தடி பின்னால் போட்டுவைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஓட்டுநர் மேல் எனக்கிருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. அவரும் யாரோ செய்து கொடுத்த, முதுகில் கண்ணில்லாத வண்டியைத்தான் இழுத்துக்கொண்டு போனார்.

பையன் பதினான்காவதாக வந்தான். கீழே விழவில்லை. இருட்டியபின் திரும்பி, வீடு சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வண்டி நின்றதும் எழுந்து எங்களிடம் வரவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். கைப்பேசி விளக்கைப் போட்டுப் பெட்டியின் மேல் அடித்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்பு எரிந்தது. விளக்கை அணைத்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள்.

பிறகுதான் மகனைக் கேட்டாள்: "வழியெல்லாம் பின்னாடி லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதும்மா" என்றான் அவன்.

"சரி, கை கால் கழுவிட்டு வா. தோசை ஊத்தறேன்."