“கேட்டுட்டா போறாங்க?” – கொடைரோடு அப்பாயியின் ஒரு கேள்வி

கொடைரோடு ரயில் நிலையத்துக்கு வெளியே விடிவதற்கு முன்பே பரபரப்பு தொடங்கிவிடும். சென்னையிலிருந்து வரும் இரவு ரயில் நிற்கிற சில நிமிடங்களில், ஸ்வெட்டரும் குல்லாவுமாக இறங்கும் குடும்பங்களை ‘கொடைக்கானல்... கொடைக்கானல்...’ என்று வேன்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன வீட்டுத் திண்ணையில், நிலக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து வந்த மல்லிகையை மடியில் கொட்டிக்கொண்டு கட்டத் தொடங்கியிருப்பார் அந்த அப்பாயி. வயது 66. ஊர்க்காரர்கள் இன்னமும் அவரை ‘சிலோன்காரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். வந்து 50 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போன டிசம்பரில் ஒருநாள், கல்லூரியில் படிக்கும் பேத்தி செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். பெட்டி, மூட்டையோடு ஒரு கூட்டம் விமான நிலையத்தில் நிற்கிறது. சிலர் அழுகிறார்கள், சிலர் பாட்டுப் பாடி ஆடுகிறார்கள். மணிப்பூர், மிசோரம் பகுதியைச் சேர்ந்த ‘பினே மெனாஷே’ என்கிற யூத சமூகத்தினர் அவர்கள். பழைய இஸ்ரவேல் கோத்திரங்களில் ஒன்றான மனாசேயின் வழித்தோன்றல்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். 2030-க்குள் இவர்களில் 5,800 பேரை அழைத்துக்கொள்ள 2025 நவம்பரில் இஸ்ரேல் அரசு ஒப்புதல் தந்தது.

அப்பாயி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“இவுகளை யாரு அனுப்புறா?”

“யாரும் அனுப்பல அப்பாயி. அவங்களே போகணும்னு கேட்டுப் போறாங்க. பல வருஷமாக் கேட்டுட்டே இருந்திருக்காங்க.”

“கேட்டுட்டா போறாங்க?”

அதற்குப் பிறகு அப்பாயி எதுவும் பேசவில்லை. ஒரு முழம் கட்டி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்: “எங்கள யாரும் கேக்கலையே தாயி.”

ஒப்பாரிக் கோச்சி

அப்பாயி பிறந்தது இலங்கையின் பதுளைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிரா. அதற்குள் ஏழு பேர். அவருடைய தாத்தா காலத்தில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணியோடு போன குடும்பம். கொழுந்து பறிப்பதும், கவ்வாத்து வெட்டுவதும், காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கொடுப்பதும்தான் தெரிந்த வாழ்க்கை.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டம், இந்தத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. அடுத்து ஓட்டுரிமையும் போனது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள்.

தோட்டத் தொழிலாளர்களின் தலைவராக இருந்த சௌமியமூர்த்தி தொண்டமான் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார். சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பத்தைக் கேட்டுப் போட்ட கணக்கு அல்ல அது. பிறகு விண்ணப்பம் வாங்கியபோது, இலங்கையிலேயே இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள், அங்கே ஒதுக்கப்பட்ட 3 லட்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

அப்பாயியின் அப்பா இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர். “படிச்சுப் பார்த்தா போட்டாரு? கணக்கப்பிள்ளை காட்டின எடத்துல ரேகை வச்சாரு. அங்க போனா நெலம் குடுப்பாங்கன்னு பேசிக்கிட்டாங்க. அந்த நேரம் தோட்டத்துல பஞ்சம் வேற. ஒருவேளை ரொட்டிதான். போயிருவோம்னு ஆகிப்போச்சு” என்பார். அப்பாயியின் மூத்த அக்காவோ கல்யாணமாகி, இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த குடும்பத்துக்குப் போய்விட்டிருந்தார். அக்காவுக்கு அந்த நாடு, தங்கைக்கு இந்த நாடு.

1973-ல் பதுளையிலிருந்து ரயில் கிளம்பியது. மலையகத்தில் ரயிலைக் ‘கோச்சி’ என்பார்கள். ஊர்விட்டுப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ரயில்களுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் ரயிலுக்குள் இருப்பவர்களும் கட்டிப்பிடித்து அழுவார்களாம். ஜன்னல் வழியாக அக்கா நீட்டிய கையை, வண்டி நகர்ந்த பிறகும் 14 வயது தங்கை விடவில்லை. யாரோ ஒரு பெரியவர்தான் விரல்களைப் பிரித்துவிட்டாராம்.

தலைமன்னாரிலிருந்து ‘ராமானுஜம்’ கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப். அங்கிருந்து ஆளுக்கொரு திசை. சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், சிலருக்கு நூற்பாலை வேலை, சிலருக்கு வியாபாரக் கடன். இவர்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது கொடைக்கானல் மலையில் வேலை என்கிற வாய்வார்த்தை. “மலைன்னு சொன்னதும் தேயிலை இருக்கும், நமக்குத் தெரிஞ்ச வேலைன்னு அப்பா சந்தோசமா வந்தாரு. இந்த ஸ்டேஷன்லதான் எறங்கினோம். மேல போனா மரம் வெட்டற வேலை. முன்பணம் வாங்கிட்டோம்னு ஒப்பந்தக்காரர் ஆறு வருஷம் கீழ எறங்கவிடல” என்பது அப்பாயியின் கதை. கடைசியில் கீழே இறங்கியவர்கள், வந்து இறங்கிய அதே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டார்கள். அப்பாயிக்குக் கல்யாணம் நடந்ததும் இங்கேதான்.

கொச்சியிலிருந்து போனவர்கள்

வீடியோ பார்த்த அன்றிலிருந்து பேத்திக்கு ஒரு ஆர்வம். ‘கேட்டுப் போனவர்கள்’ வேறு யாராவது நம் பக்கத்தில் இருக்கிறார்களா என்று தேடினாள். தூரத்தில் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். கொச்சி யூதர்கள்.

ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்குச் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் உரிமைகள் வழங்கிய செப்பேடு சுமார் ஆயிரம் ஆண்டு பழையது. மட்டாஞ்சேரியில் இன்றும் சுற்றுலாப் பயணிகள் பார்க்கிற பரதேசி ஜெப ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. மாளா, பறவூர், சேந்தமங்கலம், எர்ணாகுளம் என்று பல ஊர்களில் அவர்களுக்கு ஜெப ஆலயங்கள் இருந்தன. பெண்கள் தங்கள் வேதக் கதைகளை மலையாளத்தில் பாட்டாகக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடினார்கள். உள்ளூர்க்காரர்கள் யாரும் அவர்களைத் துரத்தவில்லை. ஆனாலும் 1948-ல் இஸ்ரேல் உருவானதும், தலைமுறை தலைமுறையாக ஜெபத்தில் உச்சரித்த ஜெருசலேமுக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசை அவர்களைப் பிடித்துக்கொண்டது.

ஆசைப்பட்டால் போதுமா? 1950 செப்டம்பர் 17-ல்தான் இந்தியா இஸ்ரேலை அங்கீகரித்தது. முழுமையான தூதரக உறவு 1992 வரை இல்லை. பம்பாயில் ஒரு துணைத் தூதரகமும், குடியேற்ற வேலையைக் கவனிக்க யூத முகமை அமைப்பின் ஆட்களும் மட்டுமே இருந்தார்கள். இந்திய அரசு அவர்கள் போவதைத் தடுக்கவில்லை. தடை வந்தது, போக நினைத்த நாட்டிலிருந்துதான். கொச்சிப் பகுதியில் யானைக்கால் நோய் இருக்கிறது, அது இங்கேயும் பரவிவிடும் என்று இஸ்ரேலின் சுகாதார அதிகாரிகள் தயங்கினார்கள். இங்கே பலர் வீடு, நிலத்தை விற்றுவிட்டு இன்றோ நாளையோ என்று காத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் அவர்களுக்காகப் பேசப் போனவர் ஏ.பி.சேலம். சென்னையில் பட்டப்படிப்பு படித்த வழக்கறிஞர், கொச்சி சட்டமன்றத்தில் இருந்தவர். ‘யூத காந்தி’ என்று பெயரெடுத்தவர். சொந்த சமூகத்துக்குள்ளேயே தன்னைப் போன்றவர்களைத் தாழ்த்தி, பரதேசி ஜெப ஆலயத்தில் சமமாக உட்கார விடாததை எதிர்த்து சத்தியாகிரகம் செய்து ஜெயித்தவர். 1953-ல் இஸ்ரேலுக்குப் போய், மலபார் யூதர்கள் குடியேறுவது பற்றி அங்குள்ளவர்களிடம் பேசினார். மருத்துவ ஆய்வுகளுக்குப் பிறகு கதவு திறந்தது. 1953 முதல் 1955 வரை ஏறத்தாழ 2,400 பேர் கிளம்பிப் போனார்கள். இவ்வளவுக்கும் சேலம் மட்டும் போகவில்லை. 1967-ல் இறக்கும்வரை கொச்சியிலேயே இருந்தார்.

போனவர்களுக்கும் பாலும் தேனும் ஓடவில்லை. மழையும் காயலும் பார்த்து வளர்ந்தவர்களில் ஒரு பகுதியினரை நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற கிராமத்தில் குடிவைத்தார்கள். தண்ணீர் இல்லாத மண்ணில் புது மொழி பேசி, புது விவசாயம் கற்றார்கள். பிற்காலத்தில் அதே நெவாதிமில் பசுமைக்குடில் அமைத்து, பூ வளர்த்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள்.

இதைப் படித்துக் காட்டியபோது, அப்பாயி சிரித்தார். “அவுகளும் பூவுலதான் பொழைச்சாகளா!”

எண்ணிக்கையும் ஆட்களும்

ஒரு சமூகத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்ப இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசுவது உலகத்தில் புதிதல்ல. 1991-ல் எத்தியோப்பியாவிலிருந்து 14,000-க்கும் அதிகமான யூதர்களை இஸ்ரேல் ஒன்றரை நாளில் விமானங்களில் ஏற்றிக்கொண்டது. அதற்குப் பின்னால் நீண்ட பேச்சுவார்த்தைகள் இருந்தன. இந்தியா, இலங்கை ஒப்பந்தத்தின்படி 4 லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து வந்தார்கள். 1984-ல் கப்பல் நிற்கும் வரை அது நடந்தது.

இரண்டிலும் பாஸ்போர்ட் உண்டு, விசா உண்டு, முகாம் உண்டு, அழுகையும் உண்டு. கொச்சியில், போக வேண்டும் என்றவர்களுக்காக அரசுகளின் கதவை ஒருவர் தட்டினார். சேலம் மாதிரி போக விரும்பாதவர் இருந்துகொள்ளவும் முடிந்தது. மலையகத்தில் முதலில் எண்ணிக்கையை முடிவு செய்தார்கள். அந்த எண்ணிக்கைக்குள் அடங்குகிற ஆட்களைப் பிறகு தேடினார்கள். இந்தியாவுக்கு 7 பேர் கிளம்பினால் இலங்கையில் 4 பேருக்குக் குடியுரிமை என்று விகிதம்கூட வைத்திருந்தார்கள். இன்னொரு தோட்டத்தில் 4 பேர் சொந்த மண்ணில் வாழ்வதற்கு, இவர்கள் 7 பேர் ரயிலேற வேண்டியிருந்தது.

மிச்சமிருந்தவர்களுக்கு இலங்கை குடியுரிமை தருவதற்கான சட்டம் 2003-ல் வந்தது. “இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா நாங்களும் அங்கனயே இருந்திருப்போம்ல?” என்று அப்பாயி கேட்டபோது பேத்திக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நாள், 30 வருஷம்.

ஒரு விண்ணப்பம்

ஜனவரியில் பதுளையிலிருந்து வாட்ஸ்அப் கால் வந்தது. அக்காவுக்கு உடம்பு சரியில்லை. 80 வயதை நெருங்குகிறவர். வீடியோவில் தங்கையைப் பார்த்துவிட்டு, “ஒருக்கா வந்துட்டுப் போயேன்டி” என்றார். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். இத்தனை வருஷமாகப் போகாததற்குக் காரணம் தூரமில்லை, பணமும் தைரியமும்தான்.

அன்று ராத்திரியே பேத்தி பாஸ்போர்ட் விண்ணப்பத்தை ஆன்லைனில் திறந்தாள். பிறந்த ஊர்: பதுளை. பிறந்த நாடு: இலங்கை. அடுத்து ஒரு கேள்வி. இந்தியக் குடியுரிமை கிடைத்தது எப்படி? பிறப்பாலா, வம்சாவளியாலா, பதிவாலா?

அப்பாயி உள்ளே போய், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பழைய பாஸ்போர்ட்டை எடுத்துவந்தார். அவருடைய அப்பாவுடையது. குடும்பத்துக்கே ஒரே புத்தகம், ஒரே படம். நடுவில் ரெட்டைச் சடையோடு விறைப்பாக நிற்பது அப்பாயி. கூடவே மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை. ஓரங்கள் பொடிந்திருந்தன, எழுத்து அழியவில்லை.

“இதெல்லாம் ஏன் அப்பாயி இவ்ளோ பத்திரமா வச்சிருக்கே?”

“யாராச்சும் வந்து நீ எந்த நாடுன்னு கேட்டா காட்டணும்ல.”

பேத்தி ‘பதிவு’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பழைய அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

“எங்கம்மா போறீங்க? எதுக்குப் போறீங்க?”

“எங்கக்காவைப் பாக்கப் போறேன் சார். பாத்துட்டு வந்துருவேன்.”

அவர் எழுதிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். அப்பாயி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பூவைக் கட்டத் தொடங்கினார். பக்கத்தில் உட்கார்ந்த பேத்தியிடம் சொன்னார்:

“கேட்டாருல்ல?”