ஹார்ட் டிஸ்க் மேல் போட்ட பழி

அத்தான் காசு கொடுத்து வாங்கிய அந்தப் புது ஹார்ட் டிஸ்க் தேவையே இல்லாதது. பழையதில் ஒரு குறையும் கிடையாது. படங்கள் கெட்டதற்குக் காரணம் நான். இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அவர் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிற கம்ப்யூட்டரில் இருந்தது இன்டெல் ஐ5-2500கே. 2011இல் வந்த பிராசஸர். பெயரின் கடைசியில் 'கே' இருந்தால் வேகத்தை நிர்ணயிக்கும் மல்டிபிளையருக்குப் பூட்டு இல்லை என்று அர்த்தம். அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், பயாஸில் மல்டிபிளையரை 45 ஆக்கினால் 4.5. அத்தான் கேட்கவில்லை, நானாகத்தான் ஏற்றினேன். போட்டோஷாப் வேகமானதை அவர் கவனித்தாரோ என்னவோ, "4.5 ஓடுது" என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்ள எனக்கு ஆசை.

முறை தெரியாதவன் இல்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன். வேகத்தைப் படிப்படியாக ஏற்று, வோல்டேஜை ஆட்டோவில் விடாதே, ஒவ்வொரு படியிலும் பிரைம்95 சோதனையை ஓட்டிச் சூட்டைப் பார், கடைசியில் ராத்திரி முழுக்க ஓடவிடு என்பேன். கணக்கும் சொல்வேன்: மின்செலவு வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு வர்க்கமாக ஏறும். 3.3-ஐ 4.5 ஆக்கி, அதற்காக 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால் வேகம் கூடுவது 36 சதவீதம். சூடாக வெளியேறும் மின்சாரமோ 70 சதவீதத்துக்கு மேல் கூடும். இவ்வளவும் பேசுகிற நான் அன்றைக்குச் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். கம்ப்யூட்டர் ஹேங் ஆகவில்லை, அது போதாதா? அதுவும் மார்கழிக் குளிரில் பார்த்த சோதனை.

சித்திரையில் வேலையைக் காட்டியது. ஏசி இல்லாத அறை. பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளும். அளவு மீறிச் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அந்த அளவை எட்டுவதற்கு வெகு முன்பே, வோல்டேஜ் போதாத இடத்தில் கணக்குத் தப்ப ஆரம்பிக்கலாம். தப்பியதை எல்லா நேரமும் நீலத் திரை காட்டிச் சொல்லாது. தப்பான விடையை அப்படியே ஃபைலில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஜிப் ஃபைல்கள் திறக்க மறுத்தன. சில ஆல்பம் பக்கங்களில் பாதிப் படம் சாம்பல் பட்டையாக வந்தது.

"என்னன்னு பாரு மச்சான்" என்றார். பார்த்ததுமே புரிந்துவிட்டது. வாயில் வந்ததோ, "ஹார்ட் டிஸ்க் போச்சு அத்தான், கரண்ட் ஏறி இறங்குதுல்ல." புது டிஸ்க்கை மாட்டும் சாக்கில் பயாஸைப் பழையபடி வைத்துவிட்டேன். கோளாறு நின்றது. அத்தானுக்கு என் மேல் மரியாதை கூடியது, அக்கா பிரியாணி செய்து போட்டாள். அதையும் சாப்பிட்டேன். மூலப் படங்கள் வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. கெட்ட பக்கங்களை மட்டும் அவர் கண்விழித்து மறுபடி செய்தார்.

உங்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருவன் கம்ப்யூட்டரை வேகப்படுத்திக் கொடுத்திருந்தால், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கேட்காதீர்கள். ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்தாயா, கோடையில் பார்த்தாயா என்று கேளுங்கள். தயங்கினால், அவன் கண் முன்னாலேயே பயாஸைப் பழைய நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள்.