குறுக்கீட்டுப் பழுதும் ரந்தாவின் பழுது மேசையும்

விசைப்பலகையைத் தட்டினாலும், வட்டிலிருந்து தரவு வந்து சேர்ந்தாலும், அந்தச் செய்தி கணினியின் செயலிக்கு ஒரு குறுக்கீடாகவே போய்ச் சேர்கிறது. செயலி கைவேலையைப் பாதியில் நிறுத்தி, அழைத்த சாதனத்தைக் கவனித்துவிட்டுத் திரும்புகிறது. விநாடிக்குச் சில நூறு, சில ஆயிரம் முறை இது நடப்பது இயல்பு. மதர்போர்டில் பழுது விழுந்து, வேலையே இல்லாமல் குறுக்கீடு பொழியத் தொடங்கினால்தான் வம்பு. ஒலி கரகரக்கும், சுட்டி தத்தித் தத்திப் போகும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் வழக்கமாக ஒரு விழுக்காட்டை ஒட்டி நிற்கும் ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ வரி, எந்த நிரலும் திறக்காதபோதே 20, 30 என்று ஏறிவிடும்.

ரப்பரும் பிற்பாடு செம்பனையும் சூழ்ந்த ரந்தாவ் போன்ற மலேசியாவின் நெகிரி செம்பிலான் பட்டணங்களில், இந்தப் பழுது கடைக்கு வேறு பெயரில்தான் வந்து சேரும். “வைரஸ் ஏறிருச்சு, விண்டோஸ் மாத்திக் குடுங்கண்ணே” என்பார்கள். மாற்றிக் கொடுத்தால் இரண்டு நாள் நன்றாக ஓடுவதுபோல் தோன்றும், பிறகு பழைய கதை. தொழில் தெரிந்தவர் விண்டோஸைத் தொடுவதற்கு முன், யுஎஸ்பி குச்சியிலிருந்து லினக்ஸை ஏற்றிப் பார்ப்பார். அங்கேயும் அதே தொல்லை இருந்தால் மென்பொருளின்மேல் இருந்த சந்தேகம் பெரும்பாலும் விலகிவிடும். சாதனங்கள் செயலியை அழைக்கும் ஒவ்வொரு குறுக்கீட்டுத் தடத்துக்கும் லினக்ஸ் தனிக்கணக்கு வைத்துக் காட்டும். விநாடிக்கு ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், சும்மா கிடக்க வேண்டிய தடம் ஒன்று ஆயிரக்கணக்கில் ஓடுவது கண்ணில் படும்.

அந்தத் தடத்தின் எதிரே எழுதியிருக்கும் சாதனத்தின் பெயரை உடனே நம்பிவிடுவதுதான் புதியவர் விழும் குழி. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் எட்டுத் தடங்களே இருந்தன. 1984இன் ஏடி கணினியில் இரண்டாவது சில்லைச் சேர்த்து அதைப் பதினைந்தாக்கினார்கள். பிசிஐ என்ற கார்டு இணைப்புமுறை வந்தபின் பல சாதனங்கள் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. பகிர்ந்த தடத்தில் அழைப்பு வந்தால், தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு டிரைவரும் தன் சாதனத்தைச் சரிபார்க்க வேண்டும். யாருமே ‘நான்தான்’ என்று சொல்லாமல், 100,000 அழைப்புகளில் 99,900க்கு மேல் அனாதையாகப் போனால், லினக்ஸ் அந்தத் தடத்தையே மூடிவிட்டு, ‘யாரும் கவனிக்கவில்லை’ என்று குறிப்பெழுதும். அத்துடன் அதே தடத்தில் இருந்த நல்ல சாதனமும் படுத்துவிடும். குறிப்பில் தெரியும் பெயர் பல நேரம் இந்த அப்பாவியுடையது.

ஆகவே அடுத்த வேலை கழித்துப் பார்ப்பது. கூடுதல் கார்டுகள், யுஎஸ்பி சாதனங்கள், பெட்டியின் முன்பக்க யுஎஸ்பிக்குப் போகும் வயர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும். வளைந்த ஊசி ஒன்று முன்பக்கத் துளைக்குள் ஒட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் சங்கதி. அதன்பின் பயாஸில் ஒலி, லேன், யுஎஸ்பி ஆகியவை ஒவ்வொன்றாக அணைக்கப்படும். மடிக்கணினியில் டச்பேட் ரிப்பனைக் கழற்றிவிட்டுக் கணக்கைப் பார்ப்பார்கள். இதில் சாமர்த்தியத்தைவிடப் பொறுமை பெரிது. ஒரே நேரத்தில் இரண்டைக் கழற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

மலேசிய இடிமழை இந்தத் தொழிலுக்கு நிறையவே வேலை கொடுத்திருக்கிறது. ஸ்ட்ரீமிக்ஸ் இணையம் செம்புத் தொலைபேசிக் கம்பியில் வந்த காலத்தில், மின்னல் கம்பி வழியே மோடத்துக்குள் புகுந்து, அங்கிருந்து லேன் சில்லைத் தொட்டுவிடும். சில்லு முழுதாகச் செத்தால் நல்லது, கண்டுபிடிப்பது சுலபம். அரைகுறையாகப் பிழைத்தால்தான் காரணமில்லாமல் குறுக்கீடு அனுப்பிக்கொண்டிருக்கும். 2010இல் யூனிஃபை இணையம் கண்ணாடி இழையோடு வந்தபின் இந்த வழி பல வீடுகளில் அடைபட்டது. லேன் சில்லு பழுதென்றால் பயாஸில் அதை அணைத்துவிட்டு, மலிவான யுஎஸ்பி லேன் ஒன்றைப் பொருத்துவதே புத்திசாலித்தனம். போர்டை மாற்றச் சொல்வது வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குவது.

ஈரமும் அழுக்கும் இன்னொரு வழி. பழைய பிசிஐ போர்டில் குறுக்கீட்டுத் தடம் மின்தடை ஒன்றால் உயர்நிலையில் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். சாதனம் அதைத் தாழ்த்தினால் அழைப்பு. பல்லி எச்சமோ துருவோ அந்தத் தடத்தைத் தரையோடு லேசாக இணைத்தாலும், ஓயாமல் அழைப்பு இருப்பதாகச் செயலி நம்பும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தூரிகையும் சில நேரம் இதைத் தீர்த்துவிடும். தீராவிட்டால் மல்டிமீட்டரால் தடத்துக்கும் தரைக்குமான மின்தடையை அளந்து, அதே மாதிரி நல்ல போர்டோடு ஒப்பிட வேண்டும். மின்வழங்கியையும் விட்டுவிடக் கூடாது. 12 வோல்ட் தடம் 11.4க்குக் கீழோ 12.6க்கு மேலோ போனால், அல்லது மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால், அதைச் சரிசெய்யாமல் மற்ற சோதனைகளை நம்புவதில் பொருளில்லை.

மீட்டரில் சிக்காத பழுதும் உண்டு. 2011இல் இன்டெலின் பி67, எச்67 சிப்செட்டுகளில் பிசிஐ இல்லாததால், போர்டுத் தயாரிப்பாளர்கள் பலர் பிசிஐ எக்ஸ்பிரஸையும் பிசிஐயையும் இணைக்கும் ஏஎஸ்மீடியா 1083 என்ற பாலச் சில்லைச் சேர்த்தார்கள். பிசிஐ எக்ஸ்பிரஸில் குறுக்கீட்டின் தொடக்கமும் முடிவும் தனித்தனிச் செய்திகளாகப் போகும். இந்தச் சில்லு சில சமயம் முடிவுச் செய்தியைத் தொலைத்துவிடும். அப்போது தடம் மாட்டிக்கொண்டதாகவே செயலி எண்ணும். துடைத்தாலும் அளந்தாலும் ஒன்றும் அகப்படாது, ஏனென்றால் போர்டில் எதுவும் கெடவில்லை. பழைய பிசிஐ கார்டைக் கழற்றி, எக்ஸ்பிரஸ் கார்டு போடுவதே வழி.

இத்தனையையும் அணைத்துக் கழற்றிய பின்பும் தடம் ஓடிக்கொண்டிருந்தால் சிப்செட்டின்மேல்தான் சந்தேகம். அதன் கால்கள் அடியில் ஈயமணிகளாக இருப்பதால் சாதாரணப் பற்றவைப்புக் கோலால் தொட முடியாது, சூடேற்றும் இயந்திரம் வேண்டும். பழைய மேசைக்கணினிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. செயலியும் நினைவகமும் அதே போர்டில் பற்றவைக்கப்பட்ட மடிக்கணினி என்றால் மட்டும் அந்த வசதியுள்ள பட்டறைக்கு அனுப்பிப் பார்க்கலாம். கைவிடப்பட்ட போர்டு குப்பைக்குப் போவதில்லை. அதன் மின்தேக்கிகளும் செருகுதுளைகளும் அடுத்த போர்டுக்கு உதவும், நல்ல தடங்களின் அளவு ஒப்பீட்டுக்கு ஆகும். திருத்திய கணினியை ஒப்படைக்கும் முன் ஓரிரவு ஓடவிட்டு, காலையில் அதே குறுக்கீட்டுக் கணக்கை மறுபடி பார்ப்பது நல்ல கடைக்காரரின் வழக்கம்.